உணவு எச்சரிக்கைக் காணொலிகள்: தர்பூசணி விவகாரத்தை முன்வைத்து ஒரு கேள்வி

#1 தேன்மொழி_வந்தவாசி

சாலையோரம் தர்பூசணி குவியத் தொடங்கிவிட்டது. தர்பூசணியில் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று 2025 கோடையில் சுற்றிய காணொலிகளும் தூசி தட்டப்பட்டுத் திரும்ப வந்துவிட்டன. தேதியை வெட்டிவிட்டு, திகில் இசை சேர்த்து, 'இன்றைய அதிர்ச்சி' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள்.

நான் அங்கன்வாடி மேற்பார்வையாளர். என் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு மையத்துக்கும் தாய்மார் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. மேலிடத்திலிருந்து வரும் ஊட்டச்சத்துச் சுவரொட்டிகளை அதில் போடச் சொல்கிறார்கள், போடுகிறோம். எழுத்து அத்தனை பொடியாக இருப்பதால் பெரிதாக்கிப் பார்த்தாலும் படிக்க முடியாது. போட்டதற்கு ஆதாரமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலே அனுப்பியதும் எங்கள் கடமை முடிந்துவிடுகிறது. தாய்மார்கள் திறந்து பார்ப்பதெல்லாம் வேறு சங்கதி: ஊசியில் சாயம் ஏற்றிய தர்பூசணி, பிளாஸ்டிக் அரிசி, பிளாஸ்டிக் முட்டை.

போன வாரம் ஒரு தாய் குரல்பதிவு போட்டிருந்தார். "டீச்சர், வெயில் தாங்கவில்லை. பிள்ளைக்குத் தர்பூசணி கொடுக்கலாமா, கூடாதா? ஒன்றைச் சொல்லுங்கள்." பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்கிறது. அவருக்கு அரை நிமிடத்தில் பதில் வேண்டும். கட்டுரை அனுப்பினால் படிக்க மாட்டார். 'வதந்திகளை நம்பாதீர்கள்' என்ற சுவரொட்டியை அனுப்பினால் என் மேலேயே சந்தேகம் வரும்.

இங்கே துறை அனுபவம் உள்ளவர்கள் பலர் இருக்கிறீர்கள். கைபேசி வழியாக உணவைப் பற்றி மக்களுக்கு எப்படிச் சொல்வது? கொள்கை விளக்கம் வேண்டாம். நாளை நான் பதிவு செய்து அனுப்பக்கூடிய மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

#2 பழைய_ஆய்வாளர்

கேள்வி நல்ல கேள்வி, அம்மா. ஆனால் இந்த இழை போகப்போகிற திசை தெரிவதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025-இல் தர்பூசணியில் சாயம் இருக்கிறதா என்று காணொலியில் சோதித்துக் காட்டிய சென்னை உணவுப் பாதுகாப்பு அதிகாரியை ஊரே சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதை நான் ஏற்கவில்லை.

நான் பணியில் சேர்ந்தபோது 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நடப்பில் இருந்தது. ஓய்வு பெற்றபோது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம். இடைப்பட்ட காலம் முழுவதும் மக்களிடம் பேச எங்களிடம் இருந்தவை துண்டறிக்கையும் பொருட்காட்சி மேசையும்தான். மிளகாய்த் தூளைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தூவி, செங்கல் தூள் அடியில் இறங்குவதைக் காட்டுவோம். சுற்றி இருபது பேர் நின்றால் அதுவே பெரிய கூட்டம். இன்று ஓர் அதிகாரி கைபேசியின் முன் நின்றால் தமிழ்நாடே பார்க்கிறது. பார்க்க வேண்டாமா?

பஞ்சு மிட்டாயை நினைத்துப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி கலந்திருப்பதாகப் புதுச்சேரியில் கண்டுபிடித்தார்கள். அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் காணொலியிலேயே தடையை அறிவித்தார். சில நாட்களில் தமிழ்நாடும் மாதிரிகளைச் சோதித்துத் தடை போட்டது. துணிக்குப் போடும் சாயம் அது. எத்தனை ஆண்டுகளாகக் கடற்கரையிலும் திருவிழாவிலும் பிள்ளைகள் தின்றுகொண்டிருந்தார்களோ! காணொலி பரவியிருக்காவிட்டால் அந்தச் செய்தி நாலாம் பக்கத்தின் மூலையில் வந்து போயிருக்கும். ஊர் அறியச் சொல்வது தவறென்றால் வேறு எப்படித்தான் சொல்வது?

#3 வெள்ளிமேடுபேட்டை

தர்பூசணி போட்டவன் நான். ஐயா சொல்வதைப் பொறுமையாகத்தான் படித்தேன்.

இது எழுபது நாள் பயிர். ஒட்டு விதை, மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட், சொட்டுநீர்க் குழாய், கரையும் உரம் என்று செலவெல்லாம் முன்னாலேயே போய்விடும். வருமானம் கடைசி இரண்டு வாரத்தில்தான். வியாபாரி வயலுக்கே வந்து பார்த்து, முன்பணம் கொடுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். 2025-இல் எங்கள் பழம் வெட்டுக்கு வந்த நேரத்தில்தான் அந்தக் காணொலிகள் வந்தன. வியாபாரி கைபேசியை எடுக்கவில்லை. எடுத்தவர் கேட்ட விலை வெட்டுக்கூலிக்கே காணாது. நெல்லாக இருந்தால் மூட்டை கட்டி வைக்கலாம். பழுத்த தர்பூசணியைக் கொடியிலும் விட முடியாது, வெட்டியும் வைக்க முடியாது. கடைசியில் மாடுகள்தான் தின்றன.

பிறகு அந்த அதிகாரியே விளக்கம் கொடுத்தார். சென்னையில் அப்படிச் சாயம் ஏற்றிய பழம் எதுவும் பிடிபடவில்லை என்றார். தோட்டக்கலைத் துறையும் பயப்பட வேண்டாம் என்றது. அவரை வேறு பணிக்கு மாற்றினார்கள். எனக்கு அதனால் என்ன ஆயிற்று? முதல் காணொலியை என் மாமியார் வீட்டில்கூடப் பார்த்திருந்தார்கள். விளக்கம் வந்ததைப் பார்த்தவர் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

பஞ்சு மிட்டாய் விஷயத்தில் சாயம் இருந்தது, ஐயா. ஆய்வுக்கூடம் சொன்னது. எங்கள் பழத்தில் எந்த ஆய்வுக்கூடம் என்ன சொன்னது? எந்த லாரி, எந்தக் கடை, யார் ஊசி போட்டார்? ஒரு பெயராவது சொன்னார்களா? பெயர் இல்லாத குற்றம் எல்லோர் தலையிலும் விழும். வியாபாரிக்கு அடுத்த மாதம் மாம்பழம் இருக்கிறது. எனக்கு அடுத்த பட்டம் வரைக்கும் கடன்தான்.

#4 வேதியியல்_பாலா

கல்லூரியில் பாடம் நடத்துபவன் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தர்பூசணிக்குச் சிவப்பைக் கொடுப்பது லைகோபீன், தக்காளியில் இருக்கும் அதே நிறமி. அது கொழுப்பில் கரையும், நீரில் கரையாது. கலப்படத்துக்குப் போடுவதாகச் சொல்லப்படும் எரித்ரோசின் என்ற சிவப்புச் சாயம் நீரில் கரையும். 'பஞ்சை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், சிவப்பாகப் பிடித்தால் கலப்படம்' என்ற சோதனை இந்த வேறுபாட்டை வைத்து வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றாகப் பழுத்த பழத்தின் சாற்றில் சதைத் துகள்கள் மிதக்கும், அவற்றில் லைகோபீன் இருக்கும். டிஷ்யூ தாளை அழுத்தினால் இளஞ்சிவப்பு ஒட்டத்தான் செய்யும். வெளிர் கறைக்கும் சாயக் கறைக்கும் என்ன வேறுபாடு என்பதை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் புரியும். காணொலிகளில் அப்படிக் காட்டியதை நான் பார்க்கவில்லை. அதனால் அதைப் பார்த்து வீட்டில் செய்துபார்த்தவர்களில் பாதிப் பேருக்கு 'கலப்படம்' கிடைத்திருக்கும்.

ஊசிக் கதைக்கு இன்னும் வலு குறைவு. பழத்தின் சதை என்பது அடுக்கடுக்கான செல்கள். உள்ளே விட்ட சாயம் ஊசி போன இடத்தைச் சுற்றித் திட்டாகத் தேங்கும், பழம் முழுக்கச் சீராகப் பரவாது. துளை விழுந்த பழம் அந்த வழியாகக் கசிந்து, வெயிலில் விரைவில் புளித்துவிடும். லாரி லாரியாகப் பழம் விற்கிறவர் ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்டு, அழுகுவதற்குள் விற்று லாபம் பார்ப்பார் என்பது கூலிக் கணக்குக்கே ஒத்துவராது.

வெட்டும்போது நடுவில் வெடிப்பும் குழியும் தெரிந்தால் அதை ஊசிக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காவிட்டாலும், காய் திடீரென்று வேகமாகப் பெருத்தாலும் அப்படி ஆகும். வெள்ளிமேடுபேட்டை அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

பழைய ஆய்வாளர் ஐயாவுக்கு ஒன்று. பஞ்சு மிட்டாயில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சட்டம் அனுமதித்த செயற்கை நிறங்கள் எட்டே எட்டு, அந்தப் பட்டியலில் ரோடமின் கிடையாது. இருந்தால் குற்றம், அவ்வளவுதான். அந்தச் செய்தியை ஒரு வரியில் சொல்லலாம். தர்பூசணியை ஒரு வரியில் சொல்ல முயன்றதால்தான் இத்தனையும்.

#5 பழைய_ஆய்வாளர்

தம்பி பாலா சொன்னதை ஏற்கிறேன். விவசாயத் தம்பிக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெளியே தெரியாத ஒரு நடைமுறை உண்டு. கடையில் நின்றபடி செய்கிற சோதனை சட்டப்படி ஆதாரம் ஆகாது. மாதிரி எடுத்தால் அதை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு பகுதிகள் நியமன அலுவலரின் காவலில் இருக்கும். மற்றொன்றைக் கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். இத்தனை பாதுகாப்பும் எதற்காக? ஒருவர் பிழைப்பு இன்னொருவரின் கண் பார்வையை மட்டும் நம்பிப் போய்விடக் கூடாது என்பதற்காக.

கேமரா முன்னால் அந்த 14 நாள் இல்லை. அதிகாரி விழிப்புணர்வுக்காகச் செய்துகாட்டுவதை, பார்க்கிறவர் 'கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று எடுத்துக்கொள்கிறார். சீருடையும் சோதனைக் குழாயும் திரையில் வந்துவிட்டால் அது தீர்ப்புதான். பொருட்காட்சி மேசையில் யாராவது தப்பாகப் புரிந்துகொண்டால் அங்கேயே திருத்திவிடுவோம். இதில் அந்த வழி கிடையாது.

என்றாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது என்ற முடிவுக்கு இளம் அலுவலர்கள் வந்துவிடக் கூடாது. மாறுதல் உத்தரவைப் பார்த்துப் பலர் அப்படித்தான் ஆகியிருப்பார்கள்.

#6 சிராங்கூன்_வாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கு நடந்த ஒன்றைச் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

2024 ஏப்ரலில் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக முதலில் ஹாங்காங் அறிவித்தது. சில நாட்களில் சிங்கப்பூர் உணவு அமைப்பு எவரெஸ்ட் மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. அன்று மாலையே எங்கள் குடும்பக் குழுவில் 'இந்திய மசாலா எல்லாம் புற்றுநோய்' என்று வந்துவிட்டது. அந்த விஷயத்தில் நாங்களும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

ஆனால் அதிகாரபூர்வ அறிவிப்பு கையில் இருந்ததால் பேச்சு சீக்கிரம் அடங்கியது. ஒரு பக்க அளவுதான். எந்தப் பொருள், அதன் படம், எந்த நாட்டுத் தயாரிப்பு, காலாவதித் தேதி என்ன, இறக்குமதி செய்தவர் யார். அடுத்தது என்ன கண்டார்கள்: பூச்சிகொல்லியாகப் பயன்படும் வாயு, அனுமதித்த அளவுக்கு மேல். அதற்கடுத்ததுதான் முக்கியம். குறைந்த அளவில் உள்ளதைச் சாப்பிட்டதால் உடனடி ஆபத்து இல்லை, நெடுங்காலம் உட்கொண்டால் பாதிப்பு வரலாம், வாங்கியவர்கள் சாப்பிட வேண்டாம், கவலை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். என் மனைவி அலமாரியைத் திறந்து பார்த்தார். எங்கள் வீட்டில் இருந்தது வேறு பொடி. பேச்சு முடிந்தது.

எச்சரிக்கை என்பது அலமாரியைத் திறந்து 'இதுவா, இல்லையா' என்று பார்த்து முடிவு செய்ய உதவ வேண்டும். 'தர்பூசணி' என்று சொன்னால் எந்த அலமாரியைத் திறப்பது?

இன்னொன்றும் இங்கே செய்கிறார்கள். 2022 டிசம்பர் 30 முதல் புட்டியிலும் டப்பாவிலும் வரும் பானங்களுக்குச் சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்து ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறார்கள். ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் வந்துவிட்டது. 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் டி. அந்தப் பானத்துக்கு விளம்பரமே செய்ய முடியாது. என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, ஆனால் சிவப்பு டி தெரியும்.

#7 அடுப்பங்கரை

சமையல் சேனல் நடத்துகிறவள் பேசுகிறேன். எல்லோரும் காணொலி எடுப்பவர்களைத் திட்டப் போகிறீர்கள் என்பதால் எங்கள் பக்கத்தையும் கேட்டுவிடுங்கள்.

'தர்பூசணி நல்லதுதான், பயப்படாமல் வாங்குங்கள்' என்று நானும் ஒரு காணொலி போட்டேன். யூடியூப் அதை யாருக்கும் காட்டவில்லை. அதே வாரம் இன்னொருவர் பழத்தில் ஊசியைக் குத்துவதுபோல் முகப்புப் படம் வைத்தார். ஊரெல்லாம் ஓடியது. முதல் மூன்று நொடிக்குள் விரல் நகர்ந்துவிடும் என்பதுதான் எங்கள் பிழைப்பின் சட்டம். பயம் விரலை நிறுத்தும். நிம்மதி நிறுத்தாது. அறிவியல் படித்தவர்கள் இதை ஒழுக்கக் கேடாகப் பார்க்கிறீர்கள். நான் வானிலைபோலப் பார்க்கிறேன். இப்படித்தான் இருக்கும், இதற்குள் என்ன செய்யலாம் என்று.

செய்ய முடியும் என்பதற்கு ஒரு சான்று. 2023-இல் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரையைப் பற்றி ஒரு சிறிய காணொலி போட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, அவர் மன்னிப்புக் கேட்டு நீக்கிவிட்டார். ஆனால் குழந்தைகள் உரிமை ஆணையம் கேள்வி கேட்டது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், அதுபோன்ற பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் காட்டக் கூடாது என்று இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. அவர் என்ன செய்தார்? டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படித்தார். பார்த்தவர் எழுந்துபோய்த் தன் வீட்டு டப்பாவைத் திருப்பலாம். சிராங்கூன் அண்ணன் சொல்லும் அலமாரிக் கதைதான்.

தேன்மொழி அக்கா, உங்களுக்கு யூடியூப் விதி பொருந்தாது. உங்கள் குழுவில் இருப்பவர்களுக்கு உங்கள் குரல் தெரியும். மூன்று நொடி என்ன, மூன்று நிமிடம்கூடக் கேட்பார்கள். சுவரொட்டியை விடுங்கள், பேசுங்கள்.

#8 நெறியாளர்

இடையில் ஒருவர் ஒரு பழக்கடையின் பெயரும் உரிமையாளரின் கைபேசி எண்ணும் போட்டு 'இங்கே சாயம் ஏற்றுகிறார்கள்' என்று எழுதியிருந்தார். நீக்கிவிட்டேன். இந்த இழையிலேயே அதைச் செய்ய ஒருவருக்கு மனம் வந்தது ஆச்சரியம்தான்.

#9 நலங்கிள்ளி_உணவியல்

மருத்துவமனை ஒன்றில் உணவியல் வல்லுநராக இருக்கிறேன். இத்தனை பேர் தர்பூசணியைப் பற்றி எழுதியும் அதில் இருக்கிற உண்மையான ஆபத்தை ஒருவரும் சொல்லவில்லை.

கோடையில் வாந்தி, வயிற்றுப்போக்கோடு பிள்ளைகள் வருகிறார்கள். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் பல நேரம் வண்டிக்கடையில் வெட்டி வைத்த பழத்துண்டுகள் வரும். தர்பூசணியில் புளிப்பு மிகக் குறைவு, நீரும் சர்க்கரையும் நிறைய. கிருமி பெருக இதைவிட வசதியான இடம் வேண்டாம். தரையில் உருண்ட பழத்தின் தோலைக் கழுவாமல் வெட்டினால் தோலில் இருப்பது கத்தியோடு சதைக்குள் போகும். பிறகு அது ஈ மொய்க்க வெயிலில் காத்திருக்கும், மேலே எந்தத் தண்ணீரில் செய்ததோ தெரியாத பனிக்கட்டி. வெட்டிய பழம் குளிர்ப்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர்க் கோடையில் அந்த ஒரு மணி நேரக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே முழுப் பழத்தைப் பார்த்துப் பயந்தவர்கள், அதே நாளில் வெட்டிய துண்டைப் பயமில்லாமல் வாங்கித் தின்றார்கள். 'உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாமே' என்று வேறு. தவறான எச்சரிக்கையின் இந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

வயிற்றுப்போக்கு என்று வந்ததால், இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 உப்பு, 2.9 சிட்ரேட், 1.5 பொட்டாசியம் குளோரைடு. மொத்தம் 20.5 கிராம் பொட்டலம் ஒன்று, ஒரு லிட்டர் தண்ணீர். பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று வைத்துக்கொண்டு பழச்சுவையில் அட்டைப்பெட்டியில் விற்றவற்றில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு. அந்தச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தார். காணொலி, கடிதம், பொதுநல வழக்கு எல்லாம் பார்த்துவிட்டார். 2025 அக்டோபரில்தான் அந்த அளவில் இல்லாத எதுவும் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அவர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார், ஒரே மாதிரி சொன்னார், கேள்வி கேட்ட தாய்மாருக்குப் பதிலும் சொன்னார். ஒருநாள் ஓடிய காணொலியால் அது வந்திருக்காது.

#10 தேன்மொழி_வந்தவாசி

எல்லோருக்கும் நன்றி. நலங்கிள்ளி அவர்கள் சொன்ன வெட்டிய துண்டு விஷயத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அரிசி விஷயத்தையும் இங்கே போட்டுவிடுகிறேன், அது இன்னும் தலைவலி. ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி கொடுக்கிறார்கள். நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ செறிவூட்டிய மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்திலேயே பிழிந்து எடுப்பது. ஆக நூறு மணிக்கு ஒரு மணி வேறு மாதிரி இருக்கும்.

ஒரு வீட்டில் அரிசி களையும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாத்திரத்தில் தண்ணீர் விட்டதும் சில மணிகள் மேலே வந்து மிதந்தன. மற்றவற்றைவிடக் கொஞ்சம் மஞ்சள், வழுவழுப்பு. விரலால் நசுக்கினால் அரிசிபோல் நொறுங்காமல் மாவாக இழைகிறது. அந்தப் பாட்டி அவற்றை உள்ளங்கையால் ஒதுக்கி முற்றத்தில் வீசினார். கோழிகள் ஓடிவந்தன. "பிளாஸ்டிக் டீச்சர், கைபேசியில் காட்டினார்களே." வீட்டில் மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி, ரத்தச்சோகை. எங்கள் பதிவேட்டில் சிவப்பு மையில் இருக்கிற பெயர். சத்து எந்த மணியில் இருக்கிறதோ அதைத் தேடி எடுத்து வீசுகிறார்கள்.

பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஆயுசு முழுக்க அரிசியில் கல்லும் நெல்லும் பொறுக்கி, முறத்தில் புடைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். வேறு மாதிரி ஒன்று தெரிந்தால் எடுத்து எறிவதுதான் அவர் கற்ற உணவுப் பாதுகாப்பு. சாக்கில் செறிவூட்டிய அரிசி என்பதைக் காட்டும் '+எஃப்' என்ற நீல முத்திரை இருக்கிறது, ஆனால் கடைக்காரர் சாக்கையா கொடுக்கிறார்? பையில் கொட்டித் தருகிறார். அந்த முத்திரையை அவர் பார்க்கவே வழியில்லை. அரிசி மாறப்போகிறது என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. அந்த இடத்தைப் பிளாஸ்டிக் காணொலி நிரப்பிவிட்டது.

#11 கேள்விக்குறி

அரசு சொன்னால் அப்படியே நம்ப வேண்டுமா? தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் உள்ளவர்கள் இரும்பு சேர்த்த உணவை மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும், அரிவாள் செல் சோகை உள்ளவர்களுக்கு அது ஆகாது என்று பொட்டலத்திலேயே எச்சரிக்கை போட்டிருந்தார்கள். 2024-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். கேட்பவனை எல்லாம் வதந்தி பரப்புபவன் என்கிறீர்கள். பிளாஸ்டிக் என்று சொன்னவன் முட்டாள்தான். ஆனால் எல்லோர் தட்டிலும் ஒரே மருந்தைப் போடலாமா என்று கேட்பவனும் அவனும் ஒன்றா?

#12 நலங்கிள்ளி_உணவியல்

ஒன்று இல்லை. உங்கள் கேள்வி நியாயமானது, மருத்துவர்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த மணிகளில் இருக்கும் இரும்பு, சாப்பாட்டு அளவில் பார்த்தால் அதிகம் இல்லை என்ற வாதத்தின் பேரில்தான் வாசகத்தை நீக்கினார்கள். என்னிடம் தலசீமியா நோயாளி வந்தால் என்ன அரிசி வாங்குகிறீர்கள் என்று இன்றும் கேட்கிறேன், அவருடைய ரத்தநோய் மருத்துவரிடம் பேசச் சொல்கிறேன்.

ஆனால் பாருங்கள், பிளாஸ்டிக் வதந்தி உங்கள் கேள்வியையும் சேர்த்துத்தான் விழுங்கிவிட்டது. அதிகாரிகள் பிளாஸ்டிக் இல்லை என்று மறுப்பதிலேயே மூச்சைச் செலவழிக்கிறார்கள். யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்ற பேச்சுக்கு நேரமே வருவதில்லை.

தேன்மொழி அம்மா, பாட்டிக்குச் சொல்லும்போது 'பிளாஸ்டிக் இல்லை' என்று தொடங்காதீர்கள். அந்தச் சொல்தான் மனத்தில் தங்கும். மருமகள் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள்.

#13 தேன்மொழி_வந்தவாசி

தர்பூசணிக்கு இப்படி எழுதியிருக்கிறேன். நாளைக் காலை என் குரலில் பதிவு செய்து அனுப்பப் போகிறேன். திருத்தம் இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

"வணக்கம். தேன்மொழி டீச்சர் பேசுகிறேன். தர்பூசணி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு விதையெல்லாம் எடுத்துவிட்டு, நசுக்கியோ சிறு துண்டாகவோ கொடுக்கலாம். முழுப் பழமாக வாங்குங்கள். தட்டிப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் தோலை நன்றாகக் கழுவி, கழுவிய கத்தியால் வெட்டுங்கள். வெட்டிய ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் சின்னப் பழமாக வாங்கினால் மிச்சம் வராது. வண்டியில் வெட்டி வைத்த துண்டு மட்டும் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். சந்தேகம் இருந்தால் இதிலேயே கேளுங்கள், மாலையில் பதில் சொல்கிறேன்."

ஊசி, சாயம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. யாராவது கேட்டால் பாலா சார் எழுதியதைச் சுருக்கிச் சொல்வேன்.

#14 வெள்ளிமேடுபேட்டை

நன்றாக இருக்கிறது, அம்மா. ஒரே ஒரு திருத்தம். தட்டிப் பார்ப்பது பழகிய காதுக்குத்தான் புரியும், எங்கள் ஆட்களே சில சமயம் ஏமாறுவார்கள். பழத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தரையில் படுத்திருந்த பக்கம் வெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே பழுத்தது. வெள்ளையாக இருந்தால் அவசரத்தில் வெட்டியது. அதைக் கண்ணால் பார்க்கலாம்.

#15 பழைய_ஆய்வாளர்

'வண்டித் துண்டு வேண்டாம்' என்பதோடு, மூடி போட்டு வைத்து உங்கள் கண் முன்னால் வெட்டித் தருகிறவரிடம் வாங்கலாம் என்றும் சேர்த்துவிடுங்கள், அம்மா. சுத்தமாக வியாபாரம் செய்கிற வண்டிக்காரரும் இருக்கிறார். அவரையும் சேர்த்து அடித்துவிடக் கூடாது.

#16 தேன்மொழி_வந்தவாசி

இரண்டையும் சேர்த்துவிட்டேன். அடுத்து அரிசி. '+எஃப்' முத்திரை தெளிவாகத் தெரியும்படி ரேஷன் சாக்கின் படம் ஒன்று வேண்டும். எங்கள் கடையில் சாக்குகளைப் பிரித்து மடித்துவிட்டார்கள். யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். தண்ணீரில் அந்த மணிகள் மிதப்பதை நானே எடுத்துக்கொள்கிறேன், பாட்டி சம்மதித்துவிட்டார்.